தாத்தாவின் பட்டாளத்துக் கடிதங்கள்: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்பான உறவினர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பட்டாளப் பொறியாளர் படைப்பிரிவில் இருந்த எங்கள் தாத்தா வீட்டுக்கு எழுதிய கடிதங்களை ஒருவழியாகத் தூசு தட்டி, ஸ்கேன் செய்து, தேதிவாரியாக அடுக்கிவிட்டோம். பேரன் தனியாக நின்று சாதித்துவிட்டான் என்று ஊரில் பேச்சு. கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுவல்ல. யார் என்ன செய்தார்கள் என்பதை எழுதி வைத்துவிடுகிறேன். பெயர் போடக் கூடாது என்று பலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதலில் பெரிய அத்தைக்கு. பட்டாளத்திலிருந்து விடுவித்ததற்கான டிஸ்சார்ஜ் புத்தகத்தை எந்தக் குடும்பமும் பத்திரமாக வைத்திருக்கும், சர்க்கார் காரியத்துக்கு என்றாவது ஆகும். அதற்கு அடியில் கிடந்த பழுப்புக் காகிதங்களை யார் வைத்திருப்பார்கள்? அத்தை வைத்திருந்தார். வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய வசம்பை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுசு வைப்பாராம். இராமபாணப் பூச்சி ஒரு காகிதத்தையும் தொடவில்லை.

காகிதங்களைச் செப்பனிட்ட அம்மாவுக்கு நன்றி சொல்லி மாளாது. "எல்லாவற்றையும் லேமினேஷன் போட்டுவிடலாம்" என்று வீட்டில் பேச்சு வந்தபோது, போட்டால் பிறகு பிரிக்கவே முடியாது என்று தடுத்தவர் அவர்தான். துருப்பிடித்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷால் மண்ணைத் துடைத்து, அமிலமில்லாத உறைகளில் போட்டுக் கொடுத்தார். பல கடிதங்கள் காப்பியிங் பென்சிலில் எழுதியவை. காய்ந்திருக்கும்வரை சாம்பல் நிறமாகத் தெரியும், ஈரம் பட்டால் ஊதாவாகக் கலங்கிவிடும். ஒரு கடிதத்தின் ஓரத்தில் அப்படிப் பெருவிரல் அளவுக்கு ஊதாக் கறை. மழையா, வேர்வையா, ஆயா (எங்கள் பாட்டி) கண்ணைத் துடைத்த கையா என்று வீட்டில் இன்னும் பட்டிமன்றம் ஓய்ந்தபாடில்லை. வேர்வை என்பது என் கட்சி.

தாத்தா எங்கேயிருந்து எழுதினார் என்பதுதான் பெரிய புதிராக இருந்தது. ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்பது பட்டாளத்துச் சட்டம். முத்திரையில் களத் தபால் நிலையத்தின் எண் மட்டும் இருக்கும். மீறி எழுதினால் தணிக்கைக்காரர் மையால் அடிப்பார், இல்லாவிட்டால் வெட்டியே எடுத்துவிடுவார். எங்களிடம் உள்ள ஒரு கடிதத்தில் இரண்டு ஜன்னல்கள் இருக்கின்றன. தபால்தலை சேகரிக்கும் நண்பர் ஒருவர் எண்களையும் தேதிகளையும் பட்டியலோடு ஒத்துப் பார்த்து எகிப்து, துனிசியா, அப்புறம் இத்தாலி என்று வழியைக் கோடு போட்டுக் கொடுத்தார்.

வரைபடத்தில் அந்தக் கோடு விழுந்த பிறகு கடிதங்களைப் படிப்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஓய்வுபெற்ற ஹவில்தார் மாமா அதற்கு உரை சொன்னார். 1944 பிப்ரவரியில் 4ஆவது இந்திய டிவிஷன் இத்தாலியில் காசினோ மலைப் பகுதியில் கிடந்தது. அந்த மாதம் 24ஆம் தேதி, பக்கத்தில் மிக்னானோவில், மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்ரமணியன் வெடிக்கப்போன கண்ணிவெடிமேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டு உயிரை விட்டார். இறப்புக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதைக் கொடுத்தார்கள். அதே சமயத்தில் தாத்தா எழுதிய கடிதத்தில் என்ன இருக்கிறது? "இங்கு குளிர் அதிகம். சிவலைப் பசு கன்று போட்டதா?" அவ்வளவுதான்.

1943 கடிதங்கள் முழுக்க அரிசிக் கவலை. 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து அரிசி வருவது நின்றுபோயிற்று, விலை ஏறியது. கேழ்வரகு என்ன விலை, மணியார்டர் வந்து சேர்ந்ததா, மாட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதுகிறார். அந்த வருஷம் நம் சிப்பாய்களில் பலருக்கும் இதே கவலைதான் என்பது தணிக்கை அறிக்கைகளில் தெரிகிறது. தணிக்கைக்காரர்கள் சிப்பாய்களின் கடிதங்களிலிருந்து வரிகளை எடுத்து ஆங்கிலத்தில் பெயர்த்து மேலிடத்துக்கு அனுப்பினார்கள். அவை லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அதில் சில பக்கங்களின் நகலை அனுப்பிவைத்த ஆராய்ச்சி மாணவிக்கு நன்றி. கத்தரிக்கோல் வைத்திருந்தவர்களுக்கும் ஒரு அரை நன்றி சொல்லத்தான் வேண்டும். பட்டாளத்தில் எழுதப்பட்ட எத்தனையோ கடிதங்களில் மிஞ்சியது அவர்கள் வெட்டி ஒட்டிய வரிகள் மட்டும்தான்.

தமிழாசிரியர் ஐயா இல்லாவிட்டால் பாதிக் கடிதம் எங்களுக்குப் புரிந்திருக்காது. "உபய குசலோபரி" என்று தொடங்கி ஒரே மூச்சில், புள்ளி கமா இல்லாமல் போகும் எழுத்து அது. பொறுமையாகப் படித்துச் சொன்னதோடு, நாங்கள் யாரும் கவனிக்காத ஒன்றையும் காட்டினார். முதல் வருஷக் கடிதங்கள் முத்துமுத்தான கையெழுத்தில், கொம்பும் சுழியும் பிசகாமல் இருக்கின்றன. 1943 கடைசியிலிருந்து எழுத்து கோணல்மாணல், வரி மேலே ஏறுகிறது, றகர ரகரம் தாறுமாறு. தாத்தாவுக்கு எழுதத் தெரியாமல்தான் பட்டாளத்துக்குப் போயிருக்கிறார். கூட இருந்த யாரோ ஒரு சாப்பர் அதுவரை எழுதிக் கொடுத்திருக்கிறார், எழுதவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கோணல் எழுத்தில் வந்த முதல் கடிதத்தில் விஷயமே கிடையாது. ஆயாவின் பெயரும் பிள்ளைகள் பெயரும் தன் பெயரும் வரிசையாக, அவ்வளவுதான். அந்தச் சாப்பர் எந்த ஊர், என்ன பெயர் என்று ஒரு கடிதத்திலும் இல்லை. இந்த நன்றிப் பட்டியலில் அவருக்கும் ஓர் இடம் உண்டு.

தங்கள் வீட்டுப் பட்டாளத்தார் சொன்ன கதைகளைப் பதிவு செய்ய விட்ட நாலு தெரு வீட்டுக்காரர்களுக்கும், கரண்ட் போன நேரத்திலும் டார்ச் பிடித்துப் படம் எடுத்த தம்பிகளுக்கும், வேளாவேளைக்கு டீ கொடுத்த சித்திக்கும் நன்றி.

அசல் கடிதங்கள் அத்தையிடமே இருக்கும், அதில் பேச்சுக்கே இடமில்லை. படிகளை வாசகசாலையில் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படிக் கடிதமோ டைரியோ இருந்தால் டேப் ஒட்டாதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள், அப்படியே எடுத்து வாருங்கள். இரவல் ஸ்கேனர் மாசக் கடைசி வரை நம்மிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
பட்டாளத்தார் வீட்டுப் பேரன்