உப்போடு சோதித்தார்களா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பிரிடின் பாலிமர் மணிகள் (ஒருவகை பிளாஸ்டிக் குருணை) சாயப்பட்டறைக் கழிவுநீரின் நிறத்தைப் பிடித்துத் தெளிய வைத்துவிடும் என்று போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போட்ட கட்டுரையைப் படித்தேன். திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் இருபது வருஷம் ஷேடு (துணியில் ஏறும் நிறம்) பார்த்தவன் நான். விஷயம் பொய்யில்லை, ஆனால் பட்டறைக் கழிவு கலக்கும் நொய்யல் ஆற்றுக்கே விடிவு வந்துவிட்ட மாதிரி தலைப்புப் போட்டது கொஞ்சம் அதிகம்.

மணி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது, சங்கதியே அங்கேதான் இருக்கிறது. பிரிடின் என்பது ஐந்து கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த வளையம். அந்த வளையங்களைத் தொங்கவிட்ட பாலிவினைல்பிரிடின் சங்கிலியைச் சும்மா விட்டால் அமிலத் தண்ணீரில் கரைந்து சாயத்தோடு அதுவும் ஓடிவிடும். தறியில் பாவு மட்டும் இருந்தால் துணியாகுமா, ஊடையும் ஓடவேண்டுமில்லையா, அது மாதிரி சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்தால்தான் மணி ஊறுமே தவிர கரையாது. பிணைக்க இரண்டு வழி சொல்லலாம். தயாரிக்கும்போதே டைவினைல்பென்சீன் என்ற பிணைப்பு ரசாயனத்தைச் சேர்ப்பது ஒன்று. இல்லையென்றால், சங்கிலி தயாரான அப்புறம் டைபுரோமோபியூட்டேன் போன்ற இரண்டு முனையுள்ள ரசாயனம் ஒன்றை விடுவது. அதன் இரண்டு முனையும் இரண்டு சங்கிலிகளின் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும், பிடிபட்ட நைட்ரஜனில் நேர்மின்சுமை ஏறி அப்படியே நின்றுவிடும். பருத்திக்கு நாம் போடும் ரியாக்டிவ் சாயங்களோ சல்போனேட் என்ற கந்தகத் தொகுதி உள்ளவை, தண்ணீரில் எதிர்மின்சுமையோடு இருப்பவை. ஆகவே போட்ட முடிச்சே சாயத்தைப் பிடிக்கிற கொக்கியாகவும் ஆகிவிடுகிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இதுதான். அதற்காக முடிச்சை நெருக்கிப் போட்டாலும் ஆகாது, மணி ஊறாது, பெரிய சாய மூலக்கூறு உள்ளே நுழையாமல் மேலேயே நின்றுவிடும்.



சரி, நம் பட்டறைக்கு வருவோம். முதல் வகை (டைவினைல்பென்சீன்) மணிக்கு அமிலத்தில்தான் மின்சுமை வரும். நம் கழிவுநீரில் சோடா ஆஷ் என்ற காரம் இருப்பதால் பி.எச். (அமில, கார அளவு; 7-க்கு மேல் காரம்) 10 பக்கம் நிற்கும், அதில் அந்த மணி சும்மா கிடக்கும். அமிலம் ஊற்றிச் சரிக்கட்டலாம், ஆனால் அந்த அமிலமும் உப்பாகத்தான் தண்ணீரில் சேரும். ஒரு நல்ல குணம், காஸ்டிக் சோடா என்ற காரம் விட்டால் பிடித்த சாயத்தை விட்டுவிடும். இரண்டாவது வகை அமிலமோ காரமோ எந்தத் தண்ணீரிலும் பிடிக்கும், ஆனால் பிடித்ததை லேசில் விடாது, கெட்டியான உப்புநீர் வேண்டும். உப்பில் விடும் என்றால் உப்பு இருக்கிற தண்ணீரில் பிடிப்பதும் குறையும் என்றுதானே அர்த்தம்? சாயம் துணியில் ஏற அடர் ஷேடுக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் உப்புப் போடுகிறோம், அதெல்லாம் கழிவுநீரில்தானே வருகிறது!

போன வருஷம் புராஜெக்ட் செய்கிற தம்பி ஒருவர் மணியோடு என்னிடம் வந்தார். காய்ச்சி வடித்த சுத்த நீரில் சாயப்பொடியைக் கரைத்து அரை மணி நேரத்தில் தெளியவைத்துக் காட்டினார். பட்டறையிலிருந்து வெளியேறும் கழிவுநீரைக் கொடுத்தேன், சாயங்காலம் வரைக்கும் பாதி நிறம்கூட இறங்கவில்லை. பாவம், அவர் தப்பில்லை, கல்லூரியில் யாரும் உப்புப் போடச் சொல்லவில்லை.

இன்னொன்று, நொய்யலின் குறுக்கே கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையின் கீழே விவசாயிகளின் நிலத்தைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்குப் பங்கு அதிகம். 2011-ல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும், அப்புறம் உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. (சவ்வு வடிகட்டி), ஆவியாக்கி என்று செலவழிப்பதும் அதற்காகத்தான். மணி உப்பைத் தொடாது. நிறத்தை மட்டும் எடுத்துவிட்டு அந்த உப்புநீரை மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்பலாம் என்றால் அதற்கு மதிப்பு உண்டு, அந்தப் பேச்சே கட்டுரையில் இல்லை.

கட்டுரை எழுதியவரிடம் மூன்று விஷயம் கேட்டுப் போடுங்கள் ஐயா. சோதித்த தண்ணீரின் பி.எச். என்ன, அதில் உப்பு எவ்வளவு, ஒரே மணியை எத்தனை தடவை கழுவிப் பயன்படுத்தினார்கள்.

இப்படிக்கு,
பழைய லேப்காரர் ஒருவர்,
திருப்பூர்.