கடையத்திலிருந்து தோழிக்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. இப்போது வாக்கர் இல்லாமல் நடக்கிறார்களா? பிசியோதெரபியை மட்டும் இடையில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள். வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டால் கால் மடங்காமலே போய்விடும் என்பார்கள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்காரருக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைத்துவிட்டது, பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே கோபிசெட்டிபாளையம் பக்கம் போய்விடலாமா என்று யோசிக்கிறீர்கள், "ஆனால் அங்கே எனக்குப் பேச யார் இருப்பார்கள்?" என்று எழுதியிருந்தாய். வாடகை எவ்வளவு, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்டாயே, அதுதான் சரியான கேள்வி. மற்றதெல்லாம் இரண்டு மூன்று மாதத்தில் ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும். மனுஷர்கள் மட்டும் அவ்வளவு சீக்கிரம் வரமாட்டார்கள். சென்னையை விட்டுத் தென்காசிப் பக்கம் இந்தக் கடையத்துக்கு வந்த எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

முதல் சில மாதங்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. அப்போது போனில் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். பெரியவளைப் பள்ளிக்கூடத்திலும் சின்னவனைப் பால்வாடியிலும் விட்டுவிட்டு வந்தால், பதினோரு மணிக்கெல்லாம் தெரு அடங்கிவிடும். ஆண்கள் வயலுக்கோ கடைக்கோ போயிருப்பார்கள். பெண்களில் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்கு, மீதிப் பேர் வீட்டுக்குள் பீடி சுற்ற. வேளச்சேரியில் மாடிப்படியிலேயே நின்று அரை மணி நேரம் பேசுவோமே, அந்த மாதிரி ஒரு ஆள் கிடையாது. மேற்கே பார்த்தால் மலை அவ்வளவு அழகாக இருக்கிறது, அதை யாரிடமாவது சொல்லலாம் என்றால் ஆள் இல்லை.

ஊர்க்காரர்கள் நல்லவர்கள் இல்லை என்று நினைத்துவிடாதே. புதிதாக வந்தவர்களை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இங்கே ஒவ்வொருவரும் இன்னாருடைய மகள், இன்னார் வீட்டு மருமகள். எங்களுக்கோ இந்தப் பக்கம் சொந்தம் என்று ஒருவரும் கிடையாது. அதனால் "சொந்த ஊர் எது, அங்க எந்தத் தெரு, குலசாமி எது" என்று வரிசையாகக் கேள்வி வரும். கடைசியில் எங்கே வந்து நிற்கும் என்று உனக்கே தெரியும். நான் சாதியைச் சொல்வதில்லை. கோபப்படாமல், "அதெல்லாம் நாங்க பார்க்கிறதில்லைக்கா" என்று மட்டும் சொல்லிவிடுவேன். ஒரு வீட்டில் அதற்குப் பிறகு பேச்சு குறைந்துபோனது. மற்றவர்கள் நாளடைவில் கேட்பதை விட்டுவிட்டார்கள். உனக்கும் இது வரும், எந்த ஊருக்குப் போனாலும் வரும். பக்கத்தில் பிள்ளைகள் நிற்கும்போது என்ன பதில் சொல்வது என்று நீயும் அவரும் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாம் சொல்கிற பதிலைத்தான் அவர்களும் பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள்.

முதலில் மாறியது வாசல் கதவு. சென்னைப் பழக்கத்தில் உள்ளே வந்ததும் தாழ்ப்பாள் போடுவேன். எதிர் வீட்டு அக்கா ஒருநாள், "என்னம்மா, எப்பப் பார்த்தாலும் கதவைச் சாத்தியே வச்சிருக்கிய, ஊருக்குப் போயிட்டியளோன்னு நினைச்சேன்" என்றார். அன்றிலிருந்து காலையில் கோலம் போட்டதும் கதவைத் திறந்து வைத்தால் இருட்டும் வரை திறந்தேதான் இருக்கும். தெருப் பிள்ளைகள் கேட்காமலே உள்ளே வரத் தொடங்கினார்கள். பிள்ளைகள் வந்தால் அவர்களைத் தேடிக்கொண்டு அம்மாக்களும் ஆச்சிகளும் வருவார்கள். "இங்கயா இருக்கா?" என்று வாசலில் நின்று கேட்பவர்களை "உட்காருங்கக்கா" என்று சொல்ல வேண்டியதுதான் நம் வேலை.

அந்த அக்காவின் திண்ணையில்தான் நான் இந்த ஊரைப் படித்தேன். அவர் பீடி சுற்றுகிறார். மடியில் முறம். ஈரச் சாக்கில் சுற்றி வைத்த இலையை எடுத்து, தகரத் துண்டை மேலே வைத்துக் கத்தரியால் ஓரம் நறுக்குவார். துளி புகையிலைத் தூளை நீளவாக்கில் தூவி, இரண்டு கையாலும் உருட்டி, நூலைச் சுற்றி அறுத்து, வாயைக் குச்சியால் மடக்கிவிடுவார். ஒன்றை முடிக்க நாம் ஒரு வாக்கியம் பேசும் நேரம்கூட ஆகாது. கண் என் முகத்தில் இருக்கும், கை தன்பாட்டுக்கு ஓடும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மோசமான இலை வந்தால் நஷ்டம் இவர்கள் தலையில். சின்னவன் கிட்டே போனால் உடனே, "தம்பியத் தள்ளி உட்கார வைம்மா, தூளு நெஞ்சுக்கு ஆகாது" என்பார். தானே அதை நாள் முழுக்கச் சுவாசித்துக்கொண்டிருப்பவர். அவருடைய இருமலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

இந்த வருஷங்களில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். சென்னையில் நாம் யாரையும் தொந்தரவு செய்யாமல் இருப்பதைப் பெரிய பண்பாக நினைத்து வளர்ந்துவிட்டோம். உப்பு தீர்ந்தால் ஆப்பில் ஆர்டர் போடுவோம், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட மாட்டோம். இங்கே ஒன்றும் கேட்காத ஆளை, "அவங்களுக்கு நம்ம வேண்டாம் போல" என்று எடுத்துக்கொள்கிறார்கள். கேட்டால்தான் உறவு. நீ என்னிடம் ஒரு முறி தேங்காய் வாங்கினால்தான் நாளைக்கு நான் உன்னிடம் கறிவேப்பிலை கேட்க முடியும். அதனால் போனதும் எதையாவது கேள். அம்மி இருக்கிறதா, பால் யாரிடம் வாங்குவது, நல்ல தையற்காரர் யார், எதுவானாலும் சரி. அப்புறம், யாராவது ஏதாவது கொடுத்தனுப்பினால் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காதே. உன் அம்மா சொல்வதுதான், நமக்குத்தான் ஃப்ளாட்டில் மறந்துபோனது.

எனக்கு அது கட்டாயத்தில்தான் நடந்தது. இவர் சென்னை போயிருந்த ஒரு ராத்திரி, சின்னவனுக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு அனலாகக் கொதித்தது. எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை, தலையை முடிந்துகொண்டே வந்து பெரியவள் பக்கத்தில் படுத்துக்கொண்டார். அவர் வீட்டு அண்ணன் தெரிந்த ஆட்டோவை எழுப்பிக் கூட்டி வந்து, தென்காசி வரை கூடவே வந்து, விடியும் வரை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரு ஊசியோடு காய்ச்சல் இறங்கிவிட்டது. மறுநாள் தெரு முழுக்க விசாரித்தது. அதுவரை 'சென்னைக்காரம்மா'வாக இருந்தவள் அன்றைக்குத்தான் 'அந்தத் தம்பியோட அம்மா' ஆனேன்.

அதன் பிறகு அவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை இருக்கிறது. அதற்குத் தேசிய உதவித்தொகை தளத்தில்தான் விண்ணப்பம் போட வேண்டும். வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் திரும்பி வந்துவிடும். மடிக்கணினியைத் திண்ணைக்கே கொண்டுவந்து தெருப் பிள்ளைகளுக்கு நிரப்பிக் கொடுத்தேன். ஒரு அக்காவின் மகளுக்குப் பணம் கணக்கில் ஏறிய அன்று, அவர் ஒரு தூக்குவாளி நிறைய உளுந்தங்களி கொண்டுவந்தார். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மணக்க மணக்க நின்றபடியே தின்றேன். நமக்கு எது தெரியுமோ அது ஊருக்கு ஏதோ ஒரு விதத்தில் தேவைப்படும். உனக்குக் கணக்குப் பாடம் நன்றாக வரும். கோபியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடெல்லாம் உன்னைக் கொண்டாடும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். பெரியவள் அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் படிக்கிறாள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. வீட்டில் உப்புமாவைக் கண்டாலே ஓடுகிறவள், அங்கே வரிசையில் உட்கார்ந்து தட்டைக் காலி செய்கிறாள். சமைப்பவர்கள் மகளிர் குழு அம்மாக்கள், அவர்கள் பிள்ளைகளும் அங்கேயே படிக்கிறவர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நீ எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் அரசுப் பள்ளி என்றால் இந்தக் குழுவில் போய் உட்கார். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று நாலு அம்மாக்கள் சேர்ந்து ஒரு மனு எழுதிப் பார், அதற்கப்புறம் அவர்களோடு பேச விஷயம் தேட வேண்டியதே இல்லை.

பிள்ளைகளில் சின்னவன் ஒரு வாரத்தில் ஒட்டிக்கொண்டான். பெரியவளுக்குத்தான் கஷ்டம். ஆறு வயதில் அவளுக்கும் ஒரு உயிர்த்தோழி இருந்தாளே, அந்தப் பிரிவைப் பெரியவர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறோம். ராத்திரி படுக்கையில் அவள் பெயரைச் சொல்லி அழுவாள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசுகிறார்கள், அதை நான் தவறவிடுவதில்லை. இங்கே தெருப் பிள்ளைகள் விடுமுறை நாளில் வீட்டுக்கு வீடு அரிசி, பருப்பு, கத்தரிக்காய் வாங்கிக் கூட்டாஞ்சோறு ஆக்குகிறார்கள். அதில் இவளுக்கு முருங்கைக்கீரை உருவுகிற வேலை கிடைத்த நாளிலிருந்து முகம் தெளிந்தது. பேச்சும் மாறிவிட்டது, "அம்மா, எங்க போறிய?" என்கிறாள். கோபிக்குப் போனால் உன் பிள்ளைகளைச் சின்னஞ்சிறுசு என்று பார்க்காமல் "வாங்க கண்ணு, சாப்ட்டீங்களா" என்பார்கள். ஒரே மாதத்தில் உன் பிள்ளைகள் உன்னையும் அப்படித்தான் கூப்பிடும் பார்.

நம்மைப் போலப் படிக்க, விவாதிக்க ஆள் கிடைக்குமா என்றால், கிடைப்பார்கள், தேட வேண்டும். மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்த பிறகு நகரத்திலிருந்து திரும்பிய குடும்பங்கள் இந்தப் பக்கம் பல உண்டு. அதில் ஒரு அம்மாவோடு எனக்கு நல்ல பழக்கம். இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ராமநதி அணைப் பக்கம் போவோம். அவளிடம் பேசினால் எனக்குத் தனித் தெம்பு. ஆனால் ஊருக்கு வந்தவர்கள் மட்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு வட்டம் போட்டுக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. அப்படிச் சில குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே புழங்கிவிட்டு, ஊரில் ஒருவர் பெயரும் தெரியாமலே திரும்பிப் போய்விட்டன.

உங்கள் வீட்டுக்காரரையும் யோசித்துக்கொள். ஆண்களுக்குப் பள்ளிக்கூட வாசல் பேச்சு கிடையாது, நாள் முழுக்க ஹெட்போன் மாட்டி அறைக்குள் உட்கார்ந்தால் வீடே பாரமாகிவிடும். இவர் சாயங்காலம் டீக்கடைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் கொஞ்சம் தேறினார். எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிப்பார்கள். வந்த வருஷம் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள், எங்களிடம் கேட்கவே இல்லை. இவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இந்த முறை ரசீதுப் புத்தகத்தோடு நேராக உள்ளே வந்து, "அண்ணாச்சி, உங்க வரி" என்றார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு அந்த ரசீதை இன்னும் பர்சிலேயே வைத்திருக்கிறார்.

இன்னொன்று, தண்ணீர். கோபியிலும் கொடிவேரி அணை, வாய்க்கால் என்று எங்கும் தண்ணீர்தான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனது உனக்கு நினைவிருக்கும். கீழே வெயில் அடித்தாலும் மலை மேல் கருத்திருந்தால் பிள்ளைகளோடு அருவிப் பக்கம் போகக் கூடாது என்று இங்கே ஆச்சிகள் சொல்வார்கள். அங்கேயும் எந்த இடத்தில் இறங்கலாம், எங்கே சுழல் என்று உள்ளூர்க்காரர்களைக் கேட்காமல் பிள்ளைகளை இறக்காதே.

முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை இங்கே வந்து பார். ஆனி, ஆடியில் சாரல் நன்றாக இருக்கும். பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் தென்காசி, அங்கே நான் நிற்பேன். எதிர் வீட்டு அக்காவிடம் நீ வருவாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன், தேங்காய்ப்பால் சொதி வைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டார். உன் பிள்ளைகள் படித்து முடித்த படக்கதைப் புத்தகங்கள் இருந்தால் எடுத்து வா, எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு எத்தனை இருந்தாலும் போதாது. அம்மாவை நான் கேட்டதாகச் சொல். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், சின்னவன் பால்வாடி விடுமுறையைப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி