முறுக்கு புழிய முடியல கண்ணு

கண்ணு, போன்லயே சொல்லிருப்பேன், ஆனா நீ பாதில சிரிச்சுட்டு மீட்டிங் இருக்குதும்மான்னு வெச்சுருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காத. பொங்கலுக்கு வந்தப்ப கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு தடி புஸ்தகத்த மறந்து விட்டுட்டுப் போனியே, கெட்டி அட்ட போட்டது, உஸுமாகின்னு ஜப்பான்காரங்க பேய்ப் படக்கதை, அதைய நான் படிச்சுட்டேன். முழுசா. அறநூறு பக்கத்துக்கு மேல.

மொத நாளு நம்ம புஸ்தகம் மாதிரியே பிரிச்சுட்டேன். என்னடா எடுத்தவொடனே எல்லாரும் சுருண்டு கல்லாக் கெடக்கறாங்க, ஒண்ணும் புரியலியேன்னு நாலு பக்கம் பார்த்துட்டு மூடி வெச்சுட்டேன். எங்க பல்லு லேப்ல மாடல் ஊத்தற பையன்கிட்ட சொன்னா அவன் விழுந்து விழுந்து சிரிக்கறான், அக்கா அது வலது பக்கத்துலருந்து படிக்கணும், நீங்க க்ளைமாக்ஸ மொதல்ல பார்த்துட்டீங்கன்னு. அப்பறம் திருப்பி ஆரம்பிச்சேன். இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான், ஆனா அதுல பேச்சு கம்மிதானே, படந்தான் பேசுது.

இப்ப ஒரு வெவகாரம் என்னன்னா, பக்கத்து வீட்டு அக்கா பேத்தி சீருக்கு முறுக்கு கேட்டாங்க, மாவு பெசஞ்சு நாழில போட்டு ஒரு சுத்து சுத்துனேன், ரெண்டாவது சுத்து சுத்தறப்ப கை நின்னுபோச்சு. அந்த ஆளு ஞாபகம் வந்துருச்சு. உஸுமாகில வர்ற அந்தப் பையன் ஷுயிச்சியோட அப்பா. வேலைக்குப் போகாம சந்துல குத்தவெச்சு நத்தை ஓட்டயே பார்த்துட்டு இருப்பாரே, சாப்பாட்டுல கண்ண உருட்டி, நாக்கச் சுருட்டி, கடைசில மரத்தொட்டிக்குள்ள தன்ன்ன்னையே சுருட்டிக்கிட்டு... ச்சை. அன்னைக்கு முறுக்கெல்லாம் நீட்டு நீட்டாப் புழிஞ்சு குடுத்தேன். அக்கா இது என்ன புது டிசைன்னு கேட்டாங்க.

உன்கிட்ட அந்தக் காலத்துல எத்தன தடவ கேட்டுருப்பேன், இதுல என்னடா இருக்குது, அருவருப்பு தவிரன்னு. நீ தோள குலுக்கிட்டுப் போயிருவ. இப்ப நானே உனக்குச் சொல்றேன் பாரு.

நம்ம ஊரு பேய்க்கு ஒரு வழக்கு இருக்கும். யாரோ ஏமாத்திருப்பாங்க, கெணத்துல தள்ளிருப்பாங்க, அது நியாயம் கேட்டு வரும், பூசாரி வருவாரு, எலுமிச்சம்பழம் வெட்டுவாரு, நியாயம் கெடச்சதும் போயிரும். இதுல பார்த்தா அப்பிடி ஒரு மண்ணும் இல்ல. குரோஸுன்னு ஒரு ஊரு, அந்த ஊரப் புடிச்சது ஒரு வடிவம். சுருள். அவ்வளவுதான். யாரு செஞ்ச பாவம், எதுக்கு வந்துச்சு, எப்பிடிப் போக்கறது, ஒரு பதிலும் கெடையாது. மொத நூறு பக்கம் நான் காரணத்தத் தேடிட்டே இருந்தேன், கடைசில சொல்லிருவான் சொல்லிருவான்னு. சொல்லவே இல்ல. எனக்குக் கோவமா வந்துச்சு, அப்பறம் அப்பா படுத்த நாளுக ஞாபகம் வந்துச்சு. குடி இல்ல, சிகரெட் இல்ல, நாப்பத்தியெட்டு வயசு. பெரியப்பா ஜாதகத்தத் தூக்கிட்டு அலஞ்சாரு, அமுச்சி வீட்டு வாசல் தெச சரியில்லன்னாங்க, நான் டாக்டர்கிட்ட ஏன் ஏன்னு கேட்டு அவரே ஒரு நாளு தெரியலம்மான்னுட்டாரு. அப்ப நீ பதினொண்ணாவது. நீ மட்டும் ஏன்னு ஒரு தடவ கூடக் கேக்கல. ஓரமா உக்காந்து இந்தப் புஸ்தகங்களப் படிச்சுட்டு இருந்த.

வரைஞ்ச ஆளப் பத்தித் தேடிப் படிச்சேன். ஜுன்ஜி இட்டோ, 1963ல பொறந்தவரு, கிஃபு பக்கம். அவரு மொதல்ல என்ன வேல பார்த்தாரு தெரியுமா உனக்கு? பல்லு டெக்னீஷியன். என் வேல! நீ இதைய எனக்குச் சொல்லவே இல்ல பாரு, சொல்லிருந்தா அன்னைக்கே ஒரு தடவ புரட்டிப் பார்த்துருப்பேன். பகல்ல பல்லு செஞ்சுட்டு மத்த நேரம் வரைஞ்சு 1987ல ஒரு போட்டிக்கு அனுப்பிருக்காரு, அதுதான் டோமியேங்கற கதை. எனக்குப் படத்தப் பார்க்கறப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு கண்ணு, இந்தக் கை பழக்கப்பட்ட கையாட்டம் இருக்குதேன்னு. நாங்க வேக்ஸ்ல ஒரு கடவாப்பல்லு செதுக்குனா குழி எங்க மேடு எங்கன்னு மில்லிமீட்டருக்கும் கீழ பார்ப்போம், நெசப்பல்லு மாதிரியே இருக்கணும் ஆனா நெசமில்ல. அவரு ஒரு முடியக் கூட சும்மா விடல, ஒவ்வொரு கோடா இழுத்துருக்காரு. கண்ட கண்ட இடத்துல ரத்தத்த ஊத்துனா சினிமான்னு தள்ளிட்டுப் போயிரலாம், இது அப்பிடி விடாது, சுத்தமா பொறுமையா வரைஞ்சுருக்கறதுனால கண்ணு அங்கயே நின்னு பார்க்குது, பார்க்க வேண்டாம்னு மனசு சொன்னாலும்.

இன்னொண்ணு கவனிச்சேன். பெரிய படம் வர்றதெல்லாம் பக்கத்தத் திருப்புனாத்தான் வரும். இந்தப் பக்கம் கடைசிக் கட்டத்துல யாரோ எதையோ பார்த்து முழிப்பாங்க, அவ்வளவுதான் இருக்கும். என்னன்னு பார்க்கணும்னா நம்ம வெரல்தான் திருப்பணும். சினிமால அது பாட்டுக்கு வரும், கண்ண மூடிக்கலாம். இதுல நானே திருப்பி நானே மாட்டிக்கறேன். ராத்திரி பத்து மணிக்கு ஒரு பக்கத்து மூலையப் புடிச்சுட்டு, திருப்பலாமா வேண்டாமான்னு உக்காந்திருந்தேன், அம்பத்திரெண்டு வயசுல, எனக்கே சிரிப்பு.

லேப் பையன் அப்பறம் அதே இட்டோ வரைஞ்ச கியோன்னு ஒண்ணு குடுத்தான். அது எனக்குப் புடிக்கல, காலு மொளச்ச சுறா மாடிப்படி ஏறி ஓடி வருது, நாத்தமாம், நான் சிரிச்சுட்டேன், நீ கோவிச்சுக்காத. ஆனா அதுக்குக் கடைசில ஒரு குட்டிக் கதை ஒட்டியிருக்குதே, அமிகாரா மலைப்பொளவு. பூகம்பத்துல மலை பொளந்து, உள்ள பூரா ஆளு வடிவத்துல ஓட்டைக. எங்கிருந்தோ ஜனங்க வர்றாங்க, ஒவ்வொருத்தரும் இது என் ஓட்டை, எனக்குன்னே வெட்டுனதுன்னு சட்டையக் கழட்டிட்டு உள்ள போறாங்க. யாரும் தள்ளல. கதைன்னு பார்த்தா அவ்வளவுதான். இருபத்தியேழு வருஷமா நான் பண்ற வேலையே பிட்டிங்தான், பல்லு மேல மாட்டற கிரவுன், டையில, அதான் பல்லோட மாடல்ல, கச்சிதமா உக்காந்து டக்குனு ஒரு சத்தம் வந்தா அன்னைக்கு எனக்கு சந்தோஷம். அந்தக் கச்சிதத்த வெச்சு ஒருத்தன் பயமுறுத்துவான்னு நான் நெனைக்கவே இல்ல. அடுத்த நாளு லேப்ல மூணு கிரவுன் உக்கார வெச்சேன், மூணு தடவயும் கழுத்துகிட்ட சிலுத்துச்சு. படிச்சு முடிச்சு மூடி வெச்சதுக்கப்பறம் நம்ம வீட்டுச் சாமான்ல ஏறி உக்காந்துக்குது பாரு, முறுக்குல, கிரவுன்ல, காது ஓட்டைல, அதுதான் இதுல இருக்கற போதைன்னு நெனைக்கறேன். உனக்கும் அப்பிடித்தானா?

காதுன்னதும் ஷுயிச்சி அம்மா. புருஷன் அப்பிடிப் போனதுக்கப்பறம் அவங்களுக்குச் சுருளக் கண்டாலே ஆகாது, முடிய வெட்டிக்கறாங்க, வெரல் ரேகையையே சீவிக்கறாங்க. காதுக்குள்ளயும் ஒரு சுருள் இருக்குதுன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சுரக் கூடாதுன்னு அந்தப் பையன் ஆஸ்பத்திரில மாட்டியிருந்த காதுப் படத்த மறைக்கறான் பாரு, அங்க என்னால தாண்ட முடியல, புஸ்தகத்தக் கவுத்து வெச்சுட்டுப் போயி பாத்திரம் கழுவுனேன். அப்பாவோட கடைசி ஸ்கேன் ரிப்போர்ட்ட நீ ஸ்கூல் பேக்ல ஒளிச்சு வெச்சுருந்தது எனக்கு அப்பவே தெரியும் கண்ணு. ரெக்கார்ட் நோட்டுக்கு அட்ட போடறேன்னு பேக்கத் தொறந்தப்ப பார்த்தேன். பார்த்துட்டு அப்பிடியே வெச்சுட்டேன்.

அதே கதைல அந்தம்மா அதுக்கு முன்னால இன்னொண்ணு பண்ணுவாங்க. புருஷன் சேத்து வெச்ச சுருள் சாமானெல்லாம் ஒரே நாள்ல தூக்கி வெளிய போட்டுருவாங்க, போட்டா சரியாயிரும்னு. அந்தாளு சொல்லுவாரு, எனக்கு அதெல்லாம் இனி வேண்டாம், என் ஒடம்புலயே சுருள வரவெக்க எனக்குத் தெரியும்னு. இதைப் படிக்கறப்ப எனக்கு எப்பிடி இருந்துருக்கும்னு நீயே யோசிச்சுக்க. அப்பா போயி நாலாவது மாசம், நீ டியூஷன் போயிருந்த, நான் மேசைல இருந்த பதினோரு புஸ்தகத்தயும் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டேன். நீ வந்து வெறும் மேசையப் பார்த்துட்டு ஒரு வார்த்த கேக்கல. அன்னைக்கு ராத்திரி தோசை மட்டும் ஒண்ணோட நிறுத்திட்ட.

நான் ஏன் போட்டேன்னு உனக்குச் சொன்னதில்ல. உன் புஸ்தகத்துல ஒண்ணத் தொறந்தேன், டோமியே. வெட்டிப்போட்ட சதையிலருந்து அந்தப் பொண்ணு மறுபடி மொளச்சு வர்றா, பல்லி வாலு மாதிரி, தலை வருது கண்ணு வருது. செத்த வீட்டுல எம்புள்ள இதையா படிக்கறான், புத்தி எங்கயோ போகுதுன்னு பயந்துட்டேன். இப்ப போன மாசந்தான் எங்கயோ படிச்சேன், அந்தக் கதை அவருக்கு எப்பிடி வந்துச்சுன்னா, கூடப் படிச்ச பையன் ஒருத்தன் திடீர்னு செத்துட்டான், ஆனா அவன் எந்த நிமிஷமும் கதவத் தொறந்துட்டு வந்துருவான்னே இட்டோவுக்குத் தோணிட்டே இருந்துச்சாம். அதுலருந்துதான் செத்தும் திரும்பத் திரும்ப வர்ற பொண்ணு. எனக்கும் ஏழு மணிக்கு டிவிஎஸ் வண்டி சத்தம் கேட்டா கை தானா கேட்டுச் சாவிக்குப் போகும், ரெண்டு வருஷம் அப்பிடிப் போச்சு. உனக்கும் போயிருக்கும். நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல உக்காந்து தனித்தனியாக் காத்துட்டு இருந்துருக்கோம்.

இட்டோ அனுப்புன அந்தப் போட்டி கஸுவோ உமேஸுன்னு இன்னொரு படக்கதைக்காரர் பேருல நடந்தது, சின்ன வயசுல அக்காமாரு படிச்சுப்போட்ட உமேஸு கதைகளப் பார்த்துத்தான் இவருக்கே ஆசை வந்துச்சாம். அவரோடத நான் காசு போட்டு வாங்குனேன், திட்டாத. தி டிரிஃப்டிங் கிளாஸ்ரூம், 1972லருந்து 74 வரைக்கும் வந்தது. ஆளு கோமாளி, செவப்பு வெள்ளப் பட்டை போட்ட சட்டையவே போட்டுட்டுத் திரிவாராம், வீட்டுக்கும் அதே பட்டையில பெயிண்ட் அடிச்சு அக்கம்பக்கத்துக்காரங்க கோர்ட்டுக்குப் போயி, அவங்கதான் தோத்தாங்க. 2024ல செத்துட்டாரு, 88 வயசு. கதைல ஒரு பையன் காலைல அம்மாகூடச் சண்ட போட்டுட்டு ஸ்கூலுக்குப் போறான், ஸ்கூலு 862 பேரோட அப்பிடியே காணாமப் போயிருது, எதிர்காலத்துல பாலைவனமாக் கெடக்கற பூமில போயி நிக்குது. ஒவ்வொரு பக்கத்துலயும் புள்ளைக வாயத் தொறந்து கத்திட்டே இருக்குதுக, காது வலிக்குது போ. அம்மா மட்டும் நம்பறா. புள்ள கூப்படறது அவளுக்கு மட்டும் கேக்குது, எல்லாரும் பைத்தியம்ங்கறாங்க. அவனுக்குக் கத்தி வேணும்னதும் ஓடிப்போயி ஒரு ஹோட்டல் சுவத்துல ஒளிச்சு வெக்கறா, எத்தனையோ வருஷம் கழிச்சு அவன் கைக்குக் கெடைக்கும்னு. அங்க பிளேக் வந்தப்ப, செத்துப்போன பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருத்தரோட ஒடம்புக்குள்ள மருந்த வெச்சு அனுப்பறா. என்ன கூத்துன்னு பாரு. ஆனா நான் அழுதுட்டேன்.

பழைய பேப்பர்காரர்கிட்டப் போனது பதினொண்ணும் என்னென்னன்னு எனக்குத் தெரியாது, நீ லிஸ்ட் அனுப்புனாத்தான் உண்டு. தெரிஞ்ச ஒண்ண மட்டும் வாங்கிட்டேன். டோமியே. மேல சுத்தியிருக்கற பிளாஸ்டிக் கவரக் கூடப் பிரிக்கல, உன் மேசை மேலயே வெச்சுருக்கேன். கூரியர்ல அனுப்பட்டுமா, ஆடி நோம்பிக்கு வர்றப்ப எடுத்துக்கறியா? சீக்கிரம் சொல்லு, லேப் பையன் வேற அது மேல கண்ணு வெச்சுருக்கறான்.

அம்மா