மூன்று முறை விடைபெற்றவள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு "பார்க்கலாம்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அது ஒரு பதிலா? அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. பேச்சில் எனக்கு எதுவும் சரியாக வராது என்று உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

"இருபத்தெட்டு வயசுல மறுபடியும் ஹர்டில்ஸ் ஓடப்போறேன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களாப்பா?" என்று கேட்டாய். ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாமல் காலையில் கிரவுண்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாய் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

2016 ஆகஸ்ட் ஞாபகமிருக்கிறதா? சுதந்திர தினத்தோடு சேர்ந்து லீவு கிடைத்து காலேஜிலிருந்து வந்திருந்தாய். ஞாயிறு ராத்திரி பதினோரு மணிக்கு மேல் மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து ரியோ ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் நம் தீபா கர்மாகரைப் பார்த்தோம். 0.150 புள்ளியில் வெண்கலம் போய் நான்காவது இடம். நீ அழுதுவிட்டாய். மறுநாள் ராத்திரி நீயும் அம்மாவும் படுக்கப் போய்விட்டீர்கள். நான் மட்டும் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பெண்களுக்கான பீம், அதாவது ஒடுங்கிய கட்டை மேல் ஆடும் பிரிவின், இறுதிப்போட்டியைப் பார்த்தேன். அதில் ஆடிய ருமேனியப் பெண் ஒருத்தியைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும். எப்போதோ சொல்லியிருக்க வேண்டியது.

கட்டலினா பொனோர் என்று பெயர். கருங்கடல் ஓரம் கான்ஸ்டன்சா என்ற துறைமுக ஊரில் 1987 ஆகஸ்ட் 20-ஆம் தேதி பிறந்தவள். 2002-இல் பயிற்சியாளர்கள் ஒக்டாவியன் பெல்லுவும் மரியானா பிட்டாங்கும் அவளைத் தேவா என்ற ஊருக்குக் கூட்டிப்போனார்கள். நாட்டின் அந்தக் கோடியில் இருக்கிறது தேவா. அங்கே வீட்டை விட்டு வந்து தங்கித்தான் பயிற்சி. அடுத்த வருஷமே உலகப் போட்டியில் மூன்று வெள்ளி. அதற்கடுத்த வருஷம் ஆதன்ஸ் ஒலிம்பிக்கில் குழுவுக்கு ஒன்று, பீமில் ஒன்று, ப்ளோரில், அதாவது தரை விரிப்பில் ஆடுவதில், ஒன்று என்று மூன்று தங்கம். அவளுடைய பதினேழாவது பிறந்தநாள் அந்தப் போட்டிகளுக்கு நடுவில்தான் வந்தது.

பீம் என்றால் என்ன என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது மைதானத்தில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போடுவேன். பத்து சென்டிமீட்டர் இடைவெளி, ஐந்து மீட்டர் நீளம். கோட்டை மிதிக்காமல் நடந்து காட்டு என்பேன். வெறும் தரையிலேயே கால் வெளியே போகும். அதையே ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் தூக்கி வைத்து, ஒன்றரை நிமிஷத்துக்குள் பின்பல்டி அடித்து, சுழன்று, தாவி, கடைசியில் ஆடாமல் இறங்கி நிற்க வேண்டும். நீயும் அந்தக் கோட்டில் நடந்தவள்தான், மூன்றாம் வகுப்பில்.

2007-இல் உடம்பு ஒத்துழைக்காமல் அவள் போட்டியை விட்டாள். இருபது வயது. பெய்ஜிங் ஒலிம்பிக் அவள் இல்லாமலே நடந்து முடிந்தது. நம் ஊராக இருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். கல்யாணப் பேச்சு ஆரம்பித்திருப்பார்கள். நானும் அப்படித்தானே பேசினேன். அவள் 2011-இல் திரும்பி வந்தாள்.

எந்த மாதிரி விளையாட்டுக்குத் திரும்பினாள் என்பதையும் பார். அவள் தங்கம் வாங்கிய காலத்தில் பத்துக்கு எத்தனை என்ற கணக்கு. ஆதன்ஸில் பீமுக்கு அவள் வாங்கியது 9.787. அந்தக் கணக்கை 2006-இல் எடுத்துவிட்டார்கள். கடினத்துக்குத் தனி மார்க், செய்நேர்த்திக்குத் தனி மார்க், இரண்டையும் கூட்ட வேண்டும். கடினத்துக்கு மேல்வரம்பு இல்லை என்றானதும் சின்னப் பெண்கள் வருஷத்துக்கு வருஷம் புதிய வித்தைகளை ஏற்றிக்கொண்டே போனார்கள். அவர்களுக்கு நடுவில் இருபத்து நான்கு வயதில் லண்டனுக்குப் போய் ப்ளோரில் வெள்ளி, குழுவோடு வெண்கலம் வாங்கினாள்.

பீமில் அவளுக்கு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மூன்றாவது இடத்தில் இருந்தாள். அமெரிக்க அணி ஆலி ரெய்ஸ்மனின் மார்க்கை மறுபடி பார்க்கச் சொல்லி முறையிட்டது. நடுவர்கள் பார்த்துக் கூட்டிக் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் 15.066. சமம் என்றால் செய்நேர்த்தியில் யாருக்கு அதிகமோ அவருக்கு. வெண்கலம் ரெய்ஸ்மனுக்கு, நம்மவளுக்கு நான்காவது இடம். விதிப்படி நடந்ததுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் கைக்கு வந்த பதக்கம் அது. அதற்குப் பிறகு இரண்டாம் முறையாக விலகினாள்.

மறுபடியும் 2015-இல் வந்தாள். 1976 முதல் 2012 வரை பத்து ஒலிம்பிக்கிலும் குழுப்பதக்கம் வாங்கிய நாடு ருமேனியா. அந்த நாடு ரியோவுக்குக் குழுவாகத் தகுதி பெறவே முடியவில்லை. பெண்களில் ஒரே ஒரு இடம்தான் கிடைத்தது. அதில் போனவள் பொனோர். தொடக்க விழாவில் மொத்த ருமேனிய அணிக்கும் முன்னால் கொடி பிடித்து நடந்தவளும் அவள்தான். குழு இல்லாமல் வருகிறவர்களை வேறு நாட்டுத் தனியாட்களோடு கலந்து ஒரு கூட்டமாக்கி முதல் சுற்றில் ஆடவிடுவார்கள். ஒரு காலத்தில் ருமேனியாவின் பெஞ்சைப் பார்த்தாலே மற்ற அணிகளுக்கு வயிற்றைக் கலக்கும். இந்த முறை அங்கே உட்கார ஆளே இல்லை.

நான் பார்த்த இறுதிப்போட்டியில் எட்டுப் பேரில் ஏழாவதாக வந்தாள். அன்றைக்கு அவளுக்கு வயது 28. இன்னும் ஐந்து நாள் போனால் 29. அந்த அரங்கில் யாரும் சிரிக்கவில்லை, பாப்பா. நான் பார்த்தேன்.

அதற்கடுத்த வருஷம் சொந்த நாட்டில், க்ளூஜ் நகரத்தில், ஐரோப்பியப் போட்டி. பீமில் தங்கம் வாங்கினாள். அக்டோபரில் மான்ட்ரியல் உலகப் போட்டியோடு மூன்றாம் முறையாக விடைபெற்றாள், முப்பது வயதில். 1976-இல் ருமேனியாவின் பதினான்கு வயது நாடியா கொமனேச்சி ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் முதல் பத்துக்குப் பத்து வாங்கியதும் அதே ஊரில்தான்.

இதையெல்லாம் பார்த்து இத்தனை மதித்த மனுஷன், 2018-இல் நீ "முழங்கால் வலி தாங்கலப்பா, போதும்" என்று சொன்னபோது இரண்டு மாதம் உன்னோடு பேசவில்லை. டிவியில் அவள் விலகினால் எனக்குப் புரிந்தது. என் வீட்டில் நீ விலகினபோது என்னையே விட்டுப் போனதாக நினைத்தேன். பிறகு உனக்கு வேலை கிடைத்ததும் போகிற இடமெல்லாம் "அவ விளையாட்டையெல்லாம் விட்டுட்டா" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். இன்னொன்றும் இருக்கிறது. உன் ஓட்டத்துக்கான ஸ்பைக்ஸ் ஷூவை எலி கடித்துவிட்டது என்று சொன்னேனே, அது பொய். பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன், உன்னைக் கேட்காமல். பரணில் அதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வந்தது. என்னை மன்னித்துவிடு.

எனக்குப் பணி ஓய்வு கொடுத்தபோது சால்வை போத்தி, மாலை போட்டு அனுப்பினார்கள். மறுநாள் விசிலோடு மைதானத்தில் போய் நிற்க முடியாது. அது அரசாங்க உத்தரவு. உனக்கு அப்படி யார் உத்தரவு போட்டார்கள்? நீ போதும் என்று சொன்னாய். சொன்னவளே வேண்டும் என்றும் சொல்லலாம்.

இனி மாஸ்டராகச் சில வார்த்தை. முழு உயரத்தில் ஆரம்பிக்காதே. ஹர்டிலை 76 சென்டிமீட்டரில் வை, இடைவெளியையும் எட்டு மீட்டருக்குக் குறைத்துக்கொள். நடுவில் மூன்று ஸ்டெப் தானாக வரட்டும், அப்புறம் எட்டரைக்குப் போகலாம். பின்னால் வருகிற கால்தான் உன் முழங்காலைக் கெடுத்தது. அதை மட்டும் தினமும் ஓரமாக நடந்து நடந்து பழகு. இறங்கும்போது வலி வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்து. காலேஜில் ஓடின டைமிங்கை இப்போதே தேடாதே. உன்னைவிடப் பத்து வயது சின்னப் பிள்ளைகள் பக்கத்து லேனில் நின்று "அக்கா" என்பார்கள். முதல் தடவை கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

ஸ்பைக்ஸ் நான்தான் வாங்கித் தருவேன். கால் அளவு மாறியிருந்தால் எழுது. ஓபன் மீட் தேதி தெரிந்ததும் சொல், நான் பஸ் ஏறி வந்துவிடுகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு உன் முழங்காலை நினைத்துத்தான் பயம். அவளிடம் நீயே பேசிவிடு.

அன்புடன்,
அப்பா