18 டாலர்

மில்வாக்கி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள டீச்சரம்மா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இந்நேரம் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். முழங்கால் வலி ஒரு பக்கம், பக்கத்து வீட்டுப் பாட்டி வீடு காலி செய்கிற வேலை இன்னொரு பக்கம். 86 வயது. முதியோர் குடியிருப்புக்குப் போகிறார். தினமும் சாயங்காலம் நான் போய்ப் பெட்டி கட்டிக் கொடுக்கிறேன்.

தமிழ்ப் பள்ளி நூலகத்துக்குக் காசு கேட்கக் கூசுகிறது, வாயே வரமாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். என்னிடமா கேட்பது? ஹாஸ்டல் விழாவுக்கு வசூல் செய்து வரச் சொன்னபோது ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டாமல், அப்பாவிடம் பணம் வாங்கிக் கட்டினவள் நான். ஆனால் பாட்டிக்கு இது கை வந்த கலை. அதனால் இந்தக் கடிதம் முழுக்க அவர் புராணம்தான். பொறுத்துக்கொள்.

கல்யாணமான வருஷமே ஹடாசாவில் சேர்ந்தவர். அமெரிக்க யூதப் பெண்களின் அமைப்பு அது. 1912-இல் நியூயார்க்கில் ஹென்ரியட்டா சோல்ட் என்ற அம்மாள் தொடங்கியது. அடுத்த வருஷமே ரோஸ் காப்லன், ரேச்சல் லாண்டி என்று இரண்டு நர்ஸுகளை ஜெருசலேமுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்நோயும் பிரசவமும் பார்க்க அவர்கள் இரண்டே பேர். இன்றைக்கு அங்கே பெரிய ஆஸ்பத்திரிகளே இருக்கின்றன, அது வேறு கதை. பாட்டி எனக்குச் சொல்வது ஆஸ்பத்திரிக் கதை அல்ல, கழுதைக் கதை. கைக்குழந்தைக்காரிகளின் வீட்டுக்குச் சுத்தமான பால் கொண்டுபோய்க் கொடுக்கக் கழுதை வைத்திருந்தார்களாம். கழுதைப் பால் இல்லையடி, கழுதை மேல் வந்த பால்! "காசு கேட்கும்போது கட்டடத்தைக் காட்டாதே, ஒரு டம்ளர் பாலைக் காட்டு" என்பார். நீ நூலகம், நூலகம் என்கிறாய். எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் வேண்டும் என்று சொல்லிப் பாரேன்.

போன வாரம் அலமாரி மேல்தட்டிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை இறக்கினேன். உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு சின்னச் சின்ன அட்டைகள், ஆளுக்கு ஒன்று. நீல மை மங்கிப் போயிருக்கிறது. ஒன்றில், "மகனுக்கு ஆபரேஷன். மார்ச் வரை போன் செய்யாதே." இன்னொன்றில், "5 டாலர்தான் தருவார். தவறாமல் தருவார். முதலில் இவரைக் கூப்பிடு." ஏன் முதலில் என்று கேட்டேன். முதல் போனிலேயே 'இல்லை' என்று கேட்டால் அன்றைக்குப் பூரா குரல் எழும்பாதாம். நம் கடைக்காரர்கள் போணி பார்ப்பதில்லையா, அதேதான்!

பணக்காரர்களின் அமைப்பு என்று நினைத்துவிடாதே. யூத ஃபெடரேஷன் என்று இன்னொரு அமைப்பு உண்டு, அதற்கு வருஷம் 5,000 டாலரும் அதற்கு மேலும் கொடுக்கிற பெண்கள் தங்கத்தில் ஒரு சிங்கம் குத்திக்கொள்வார்கள். 1972-இல் மயாமியில் ஆரம்பித்த வழக்கம். பாட்டிக்கு அந்தச் சிங்கம் கிடையாது. மாஜாங் அட்டை விற்றவர் அவர். இங்கே யூதப் பெண்கள் கூடி ஆடுகிற சீன ஆட்டம் அது. எந்தக் கட்டைகள் சேர்ந்தால் ஜெயிப்பு என்பதற்கு வருஷா வருஷம் புது அட்டை வரும். ஆர்டர் பிடித்துக் கொடுத்தால் விற்ற காசில் ஒரு பங்கு நீ சொல்கிற தர்மத்துக்குப் போகும். நாற்பது வருஷம் தெருத்தெருவாக ஆர்டர் பிடித்திருக்கிறார்.

அவருக்கு ஒரு வழக்கம் மட்டும் பிடிக்கவே பிடிக்காது. அந்தக் காலத்து விருந்துகளில் ஒவ்வொருவர் பெயராக மைக்கில் வாசிப்பார்கள், அவர் எழுந்து தொகையைச் சொல்ல வேண்டும். நம் ஊர் மொய்தான்! ஒரு முறை கடை நொடித்துப்போன ஒருவர் பெயரை இவரே தெரியாமல் வாசித்துவிட்டார். அவர் எழுந்து நின்று ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தாராம். அதற்கப்புறம் பாட்டி மைக்கைத் தொடவில்லை, அட்டையில் குறிப்பெழுதத் தொடங்கினார். கொடுத்தவருக்கு வாங்கினவரையும் வாங்கினவருக்குக் கொடுத்தவரையும் தெரியாமல் கொடுப்பது உயர்ந்தது என்று மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் 12-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். மைக்கைக் கையில் பிடித்தவர்கள் அதைப் படிக்கவில்லை போலும். தானத்துக்கு அவர்கள் சொல்கிற 'ட்ஸெடாகா' என்ற சொல்லுக்கு நீதி என்றுதான் வேர். நம் 'தர்மம்' என்ற சொல்லிலும் இரண்டும் இருக்கிறதே என்றேன். "அப்புறம் உன் சிநேகிதிக்கு என்ன கூச்சம்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

இந்த மில்வாக்கி மண்ணே வசூல் மண் போலிருக்கிறது. லிசி பிளாக் காண்டர் என்று ஒரு அம்மாள் ஏழைக் குடியேறிகளின் பெண்களுக்குச் சமையல் வகுப்பு நடத்தினார். கரும்பலகையைப் பார்த்து எழுதியே பிள்ளைகளுக்குப் பொழுது போய்விடுகிறது, அச்சடிக்க 18 டாலர் கொடுங்கள் என்று நிர்வாகக் குழு ஆண்களிடம் கேட்டார். மறுத்துவிட்டார்கள். விளம்பரம் பிடித்து 1901-இல் 1,000 பிரதி போட்டார். அந்த 'செட்டில்மென்ட் குக் புக்' பல லட்சம் விற்றது. அந்தக் காசில் சமூகக் கட்டடமே எழுந்தது. (சிப்பி சமைக்கிற குறிப்பெல்லாம் உண்டு. கோஷர் என்கிற யூத உணவு விதி பார்க்கிற பாட்டி அந்தப் பக்கங்களைப் புரட்டுவதே இல்லை.)

பின்னால் இஸ்ரேல் பிரதமரான கோல்டா மேயர் வளர்ந்ததும் இங்கேதான். நாலாம் வகுப்புப் படிக்கும்போது, புத்தகம் வாங்க முடியாத பிள்ளைகளுக்காக ஹால் பிடித்துக் கூட்டம் போட்டு வசூலித்தவர். 1948 ஜனவரியில், உருவாகப்போகிற இஸ்ரேலுக்காகச் சிகாகோவில் பேசத் தொடங்கி, சுற்றுப்பயணம் முடிந்து திரும்பும்போது 5 கோடி டாலர். பழக்கம் எங்கே தொடங்கியது பார்!

ஆனால் இப்போது பாட்டி வீட்டிலேயே சண்டை. பேத்தி காஸாவில் நடப்பதைப் பார்த்த பிறகு இஸ்ரேலுக்கு ஒரு காசு தரமாட்டேன் என்கிறாள். உள்ளூர் உணவு வங்கியில் சனிக்கிழமை தவறாமல் மூட்டை தூக்குகிறாள். எங்கள் ஹடாசா ஆஸ்பத்திரியில் யூதருக்கும் அரபிக்கும் ஒரே வார்டு என்று பாட்டி சொல்ல, அது மட்டும் போதுமா என்று அவள் கேட்க, சூப் ஆறிப்போய்விட்டது. நான் நடுவில் வாய் திறக்கவில்லை. பேத்தி கேட்டதில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. பெட்டி கட்ட வந்த இடத்தில் அதைச் சொல்வானேன்? ஆனாலும் அந்தச் செருப்புப் பெட்டியை யாருக்குக் கொடுப்பது என்று நான் கேட்டதும் பாட்டி யோசிக்காமல் அவளிடம்தான் நீட்டினார். அவளும் வாங்கிக்கொண்டாள்.

உன் நூலகத்தைப் பற்றிச் சொன்னேன். உடனே செக் புத்தகத்தை எடுத்தார். 18 டாலர். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு, 'உயிர்' என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 18 வரும். அதனால் தானத்தைப் பதினெட்டின் மடங்காகக் கொடுக்கிற வழக்கம் உண்டு. நாம் மொய்யில் ஒரு ரூபாய் கூட்டி வைப்பது மாதிரி.

செக்கை இத்துடன் வைத்திருக்கிறேன். என்னுடையதும் இருக்கிறது, அதே தொகை. இந்த வாரமே ரசீது அனுப்பிவிடு. உன் பெயருக்கு ஒரு அட்டை போட்டுவிட்டார், நான் பார்த்தேன். ரசீது வராவிட்டால் நேராக உனக்கே போன் செய்வார்.

உன்
ஹாஸ்டல் ரூம்மேட்