அண்ணன் மகளுக்கு, ஒரு ஊசியைப் பற்றி

அன்புள்ள கண்ணு,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "கறவை மாடு எழுந்திருக்க முடியாமல் கிடக்குது. மாட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிடுறார். பழைய ஊசியைப் போட்டால் உடனே எழுந்துரும்கிறார். கண் முன்னால் துடிக்கிற உயிரைப் பார்க்கிறதா, எங்கேயோ பறக்கிற கழுகைப் பார்க்கிறதா சித்தப்பா?" என்று கேட்டாய். அந்தப் பழைய ஊசி டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து. அதைப் போட்ட மாடு செத்தால், அதைத் தின்கிற கழுகும் செத்துவிடும். அதனால்தான் உனக்கு இந்தக் குழப்பம். அதிலிருந்து எனக்கும் அதே யோசனைதான். உன்னைப் போல மலையடிவாரத்துக் கால்நடை மருந்தகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் நம் வீட்டுக் கதை ஒன்று. உன் அப்பா உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். 1998இல் நம்மிடம் ஒரு செவலை மாடு இருந்தது. மடிவீக்கம் வந்து, காய்ச்சலில் இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஊருக்குள் ஊசி போடும் ஒருவரைக் கூட்டிவந்தோம். அவர் ஒரு வலிமருந்தைப் போட்டார். சாயங்காலம் மாடு எழுந்து நின்றது, உன் பாட்டி சந்தோஷத்தில் அழுதுவிட்டார். மறுநாள் விடியும் முன் செத்துப்போனது. அந்தக் காலத்தில் யாரும் குழி வெட்டிப் புதைப்பதில்லை. வண்டியில் போட்டுக்கொண்டு போய் ஊருக்கு வெளியே பள்ளத்தில் தள்ளிவிட்டு வந்தோம். மத்தியானத்துக்குள் ஏழெட்டுக் கழுகுகள் இறங்கின. நம் பள்ளத்தில் நான் கழுகுக் கூட்டம் பார்த்தது அதுதான் கடைசி.

அன்றைக்கு என்ன மருந்து போட்டார் என்று நாங்கள் கேட்கவில்லை. அது டைக்ளோஃபினாக்காக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். இனி அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இது என் மனதில் கிடக்கிறது.

உனக்குப் பாடத்தில் வந்திருக்கும். ஆனாலும் இந்தக் கதையை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரிகிறது. 1990களில் ராஜஸ்தானின் பரத்பூரில் கழுகுகள் கழுத்தைத் தொங்கப்போட்டபடி மரத்திலேயே உட்கார்ந்திருந்து செத்து விழுவதைப் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் கவனித்தார். ஏதோ தொற்றுநோய் என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள். பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர்தான், மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் அவற்றின் சிறுநீரகத்தை அழிப்பதை 2004இல் வெளியிட்டார்கள். யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் ஈரலிலும் இதயத்திலும் சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. செத்த மாடுகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே அந்த இனத்தை அழிக்கப் போதும் என்று கணக்கும் போட்டார்கள். ஒரு மாட்டைச் சுற்றிக் கூட்டமாக உட்கார்ந்து தின்னும் பறவை அது. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. 1992இல் ஆயிரம் வெண்முதுகுக் கழுகுகள் இருந்த இடத்தில் 2007இல் ஒன்றுதான் மிஞ்சியது.

இதில் என்னை உலுக்குவது என்னவென்றால், இந்த அழிவில் குற்றவாளி என்று காட்ட ஓர் ஆள்கூட இல்லை. மணலை அள்ளுகிறவன்மீது நமக்குக் கோபம் வருகிறது, மரத்தை வெட்டுகிறவன்மீது வருகிறது. இங்கே யார்மீது கோபப்படுவது? மாட்டின் வலியைப் பார்க்கப் பொறுக்காதவர்கள்தான் ஊசி போடச் சொன்னார்கள். உன் பாட்டி மாதிரி. கோடிக்கணக்கில் இருந்த பறவையை நாம் பேராசையால் கொல்லவில்லை, இரக்கப்பட்டே கொன்றோம். நம் அரசியல் சட்டம்கூட, உயிர்களிடம் இரக்கம் காட்டுவதைக் குடிமக்களின் கடமை என்று 51ஏ பிரிவில் சொல்கிறது. நல்ல வரிதான். ஆனால் இரக்கம் எங்கே போய் முடிகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்க்கிற பொறுப்பும் அதோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும். கண் முன்னால் இருக்கிற உயிருக்குக் கடமைப்பட்டவர்கள், அந்த உயிர் செத்த பிறகு அதைத் தின்ன வருகிற உயிருக்கும் கடமைப்பட்டவர்கள்தான்.

கழுகு இருந்தால் நமக்கு என்ன லாபம் என்று உன்னிடம் கேட்பார்கள். பதில் இருக்கிறது. கழுகுகள் போன பிறகு செத்த மாடுகள் ஊருக்கு வெளியே அழுகிக் கிடந்தன, நாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி ஆபத்தும் கூடியது. 2000 முதல் 2005 வரை மட்டும் ஏறக்குறைய ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2024இல் கணக்கிட்டார்கள். கேட்கிறவர்களுக்கு அதைச் சொல், தப்பில்லை. ஆனால் நீ அதையே காரணமாக வைத்துக்கொள்ளாதே. நாளைக்கு மாட்டைப் புதைக்க மெஷின் வந்துவிட்டது, நாய்க்கெல்லாம் தடுப்பூசி போட்டாயிற்று என்று வைத்துக்கொள். அப்போது கழுகு தேவையில்லை என்றாகிவிடுமா? நமக்கு வேலை செய்து கொடுப்பதால்தான் ஒரு உயிர் இங்கே இருக்கலாம் என்று சொல்ல நாம் யார்?

சின்ன வயதில் தாத்தா என்னைத் திருக்கழுக்குன்றத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். உச்சிவேளையில் மலைமேல் இரண்டு கழுகுகள் வந்து இறங்கும். வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம். பண்டாரம் வைக்கும் சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போகும். காசியில் குளித்துவிட்டு ராமேசுவரத்துக்குப் போகிற வழியில் வருகின்றன என்று தாத்தா சொன்னார். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இந்தக் கழுகால் என்ன பயன் என்று கேட்கவில்லை. வெயிலில் மணிக்கணக்கில் நின்று, வந்ததைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். 1990களோடு அதுவும் நின்றுபோயிற்று. அதே மக்கள்தான் மற்ற கழுகுகளைப் பிணந்தின்னி என்று அருவருப்பாகச் சொன்னார்கள். நம் மொழியில் பாறு, எருவை என்று அழகான பழைய பெயர்கள் இருக்கின்றன. நீயாவது பாறு என்று சொல்லிப் பழகு.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மாடா கழுகா என்று உன் முன்னால் வைக்கிறார்களே, அந்தக் கேள்வியே இப்போது பழசாகிவிட்டது. 2004இல் இருந்தது என்று சொல், ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு உன் பெட்டியில் வேறு வலிமருந்துகள் இருக்கின்றன, மெலாக்சிகாம் இருக்கிறது, டோல்ஃபெனாமிக் அமிலம் இருக்கிறது. இரண்டும் பாறுகளைக் கொல்வதில்லை. கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் 2006இலேயே தடை. மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்பதால் 2015இல் 3 மில்லிக்கு மேல் ஒரே குப்பியில் விற்கக்கூடாது என்றார்கள். 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற இன்னும் இரண்டு வலிமருந்துகளும் கால்நடைகளுக்குத் தடைக்குள் வந்தன. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும் என்று உனக்குத் தெரியும், மெடிக்கல் கடைக்காரருக்குத் தெரியாது. மாட்டுக்காரருக்கும் தெரியாது. அவர் கேட்பது மருந்தின் பெயரை இல்லை, மாடு எழுந்து நிற்பதை. கொஞ்சம் நேரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசு. உனக்கு நேரம் இல்லை என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு உதவி. ஒரு நோட்டுப் போட்டு, நீ பார்க்கும் ஒவ்வொரு மாட்டுக்கும் காதுவில்லை எண், போட்ட மருந்து, தேதி மூன்றையும் எழுதி வை. வேறு யாராவது முன்னாலேயே ஊசி போட்டிருந்தால் என்ன ஊசி என்று கேள். மாடு செத்தால், அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, சந்தேகமாக இருந்தால் நின்று குழி வெட்டிப் புதைக்கச் சொல். நம் செவலைக்கு அப்படி ஒரு பக்கம் இருந்திருந்தால் எனக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

தை மாதம் உன்னைப் பார்க்க வருகிறேன். மாயாற்றுப் பக்கம் நீர்மருது மரங்களில் பாறுகளின் கூடு இருக்கும், குஞ்சு இருக்கிற காலம். கிட்டே போக வேண்டாம், ரோட்டிலிருந்தே வானத்தைப் பார்த்தால் போதும். நீ ஞாயிற்றுக்கிழமை லீவு போட முடியுமா என்று மட்டும் சொல்.

அன்புடன்,
சித்தப்பா