சேவல் பொழச்சிருச்சு மாப்ள

அன்பு மாப்ள,

உன் லெட்டர் கிடைச்சுச்சு. பாப்பாவுக்கு காலேஜ் சீட் கிடைச்சதுல எங்க வீட்ல எல்லாருக்கும் அவ்வளவு சந்தோசம், தங்கச்சிகிட்ட கண்டிப்பா சொல்லு. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, மத்தபடி எல்லாரும் சுகம். போன பொங்கலுக்கு வந்தப்ப உன்னைத் திண்ணையில ஏற விடாம வெரட்டுச்சே செவலைச் சேவல், அதைக் காட்டுப்பூனை புடிச்சிருச்சுடா. பதறாத, உசுரோடதான் இருக்கு. நீயும் இப்ப கோழி வாங்கி விட்டிருக்கேன்னு எழுதியிருந்த, அதான் நடந்ததை முழுசா எழுதுறேன்.

வாய்க்கா ஓரம் கரும்பு வெட்டு முடிஞ்சதும் அதுக்குள்ள கிடந்த பூனைக்கு மறைவு இல்லாமப் போச்சு. விடியக்காலம் கொல்லையில ஒரே சத்தம், அம்மா வெளக்கமாத்தோட கத்திக்கிட்டு ஓடவும் அது விட்டுட்டு ஓடிருச்சு. பொட்டைங்க எல்லாம் முருங்க மரத்துமேல ஏறிருச்சுங்க, இவன் ஒருத்தன்தான் கீழ நின்னு மல்லுக்கட்டியிருக்கான். முதுகுத் தோல் உள்ளங்கை அகலத்துக்கு உரிஞ்சு தொங்குது, றெக்கைக்கு அடியில பல்லு பட்ட ஓட்டை ரெண்டு. பக்கத்து வீட்டு சித்தப்பா பாத்துட்டு இனி தேறாதுப்பா, அறுத்துருன்னார். எனக்கு மனசு ஒப்பல, பொட்டைகளுக்காக நின்னு கடி வாங்கினவனை எப்படிடா குழம்புல போடுறது.

கோழித்தோல் மெல்லிசு, சதையோட ஒட்டாம லூசா இருக்கும், அதனால கிழிஞ்சா பாக்கவே பயங்கரமாத்தான் தெரியும், ஆனா உள்ள சதை கிழியாம இருந்தா தேறிடும். முதல் ராத்திரி காயத்தைவிட அதிர்ச்சிதான் ஆளைக் கொல்லும். கோழி உடம்புச் சூடு 41, 42 டிகிரி செல்சியஸ், அது இறங்கிச்சுன்னா போச்சு. அதனால அட்டைப்பெட்டியில வைக்கோல் போட்டு, ஒரு ஓரத்துல மட்டும் குண்டு பல்பு சூடு படுற மாதிரி வச்சு, சாக்கால பாதி மூடி, வீட்டுக்குள்ள இருட்டுல விட்டுட்டோம். துண்டுல சுத்தித் தூக்குறப்ப நெஞ்சை மட்டும் இறுக்கிப் புடிக்காத மாப்ள, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல நமக்கு இருக்கிற உதரவிதானம்ங்கிற மூச்சுத்தசை கோழிக்குக் கிடையாது, நெஞ்செலும்பு அசைஞ்சாத்தான் மூச்சே விடும். தண்ணியை வாயில ஊத்தவும் கூடாது, நாக்குக்குப் பின்னாடியே மூச்சுக்குழாய் ஓட்டை இருக்கு, நேரா நுரையீரலுக்குப் போயிரும். வெல்லமும் துளி உப்பும் கரைச்ச தண்ணியில அலகு நுனியை நனைச்சு விட்டோம், அதுவே குடிச்சுச்சு.

காயத்தைச் சுத்தி இருந்த இறகைக் கத்திரிச்சுட்டு, கொதிச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்து நல்லா கழுவினோம். அப்புறம் அயோடின் மருந்தை டீத்தண்ணி கலருக்குக் கலக்கி விட்டோம். ஹைட்ரஜன் பெராக்சைடு தினமும் ஊத்தாத, புதுசா வர்ற சதையையும் அரிச்சிரும். வலி மரத்துப்போற மருந்து கலந்த களிம்பும் வேணாம், பறவைக்கு அது ஆகாது.

ஆனா பல்லு ஓட்டைதான் மோசம் மாப்ள. வெளிய சின்னதாத் தெரியும், பூனை வாயில இருக்கிற பாஸ்டுரெல்லா கிருமி உள்ள இறங்கிருச்சுன்னா சீக்கிரமே ஆளைத் தூக்கிரும். கோழிக்காலராவும் அந்தக் கிருமியாலதான் வருது, 1880 வாக்குல லூயி பாஸ்டர்ங்கிற விஞ்ஞானி தடுப்பூசி ஆராய்ச்சி பண்ணது அதை வச்சுத்தான். அதனால மஞ்சள், வேப்பெண்ணெய்னு நம்பி உக்காராம அன்னைக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய் ஆன்டிபயாடிக் வாங்கினோம். டாக்டர் தையல் போடல. மூடித் தச்சா உள்ளயே சீழ் கட்டிக்குமாம், கோழிச் சீழ் தண்ணியா வடியாது, பாலாடைக்கட்டி மாதிரி கெட்டியா நின்னுரும். மருந்து போட்ட கோழியை உடனே அறுத்துத் திங்கவும் கூடாதுன்னு சித்தப்பாகிட்ட அப்பவே சொல்லிட்டேன்.

அடுத்து ஈ. ஈ மொய்ச்சா புழு வச்சிரும், அதனால கொசுவலையைப் போட்டு மூடி, வைக்கோலை தினமும் மாத்தினோம். முதல்ல எச்சம் பச்சையாப் போச்சு, தீனி எடுக்கலைன்னா அப்படித்தான் போகும். அவிச்ச முட்டை மஞ்சக்கருவை உதுத்து கம்போட கலந்து வச்சதும் கொத்த ஆரம்பிச்சான். ஒருநாள் பெட்டிக்குள்ள இருந்தே கூவினான் பாரு, அம்மா அழுதுட்டாங்க.

இப்ப தோல் மூடிருச்சு, பிடுங்கிப் போன இடத்துல புது இறகு குருத்து விடுது, நாம கத்திரிச்ச இடம் மட்டும் அடுத்து இறகு உதிர்ற வரைக்கும் மொட்டையாத்தான் இருக்கும். செவப்பைப் பாத்தா மத்த கோழிங்க கொத்தும்னு பஞ்சாரத்துக்குள்ள வச்சு, கூட்டம் மேயுற இடத்துலயே கவுத்து விட்டிருக்கேன். ரொம்ப நாள் கண்ணுல படலைன்னா திரும்பச் சேத்துக்காதுங்க.

கண்ணி வைக்கலாம்னு ஊருல ஒரு பேச்சு, நான் வேணாம்னுட்டேன். 1972 வனவிலங்குச் சட்டம் பாதுகாக்கிற உசுரு அது, அதோட அது அதிகமாத் திங்கிறது வயக்காட்டு எலியைத்தான். நம்ம கூடுதான் சரியில்லாம இருக்கக்கூடாது. சாதா கோழிவலை நாய் இழுத்தா பிஞ்சிரும், அரை இஞ்ச் கண்ணு இருக்கிற வெல்டு மெஷ், அதான் வெல்டிங் வச்ச கம்பிவலை, போட்டு, தரையில வெளிப்பக்கமா ஒரு அடி மடக்கிப் புதைக்கணும், அப்பதான் கீரியும் தோண்டாது. உன் கூட்டுக்கும் அதையே போடு. இங்க கடையில அந்த மெஷ் இல்ல, உங்க ஊர்ல மீட்டர் என்ன விலைன்னு விசாரிச்சு எழுது, ரெண்டு பேருக்கும் சேத்தே வாங்கிரலாம்.

அன்புடன்,
உன் மாப்ள